மருந்து கலந்தது யாருமில்லை



கோடையில் குளத்து மீன் செத்து மிதந்தால் நம்ம ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு, "எவனோ மருந்து கலக்கிட்டான்" என்பதுதான். யார் மேல கோபமோ அவர் பெயர் அடிபடும். போன சித்திரையிலும் இதே சண்டை. இரண்டு வீட்டுக்காரங்க இன்னும் பேசிக்கொள்வதில்லை. மிதந்த மீனை உற்றுப் பார்த்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்பது என் கருத்து.

செத்ததெல்லாம் கெண்டை, கட்லா, ரோகு. அதிலும் பெரிய மீன்தான் அதிகம். விரால் சாகவில்லை. பனையேறிக் கெண்டை சாகவில்லை. தவளையும் தண்ணிப்பாம்பும் நல்லாத்தான் இருந்தன. மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியுமா என்ன?

காரணம் மூச்சு. தண்ணியில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் கெண்டை செவுள் வழியாக எடுக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு. ஒரு லிட்டர் தண்ணியில் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரி ஆனால் அதுவும் ஏழரையாகக் குறையும். இதில் இன்னொரு கொடுமை, மீன் உடம்பு நம்மைப் போல ஒரே சூட்டில் இருக்காது. தண்ணி சூடானால் மீனும் சூடாகும், அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது.

பகலில் பாசி ஆக்சிஜன் விடும். ராத்திரியில் அதே பாசியும் மீனோடு போட்டி போட்டு இழுக்கும். அடியில் அழுகும் இலை தழையும் இழுக்கும். அதனால் விடியற்காலம்தான் ரொம்ப மோசமான நேரம். அப்போது போனால் மீன் வாயை மேலே நீட்டி நீட்டித் திறப்பதைப் பார்க்கலாம். கோடை மழை திடீர்னு பெய்து அடித்தண்ணியைக் கலக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ராத்திரி நல்லா இருந்த மீன் காலையில் மிதக்குதே என்றுதான் எல்லாருக்கும் சந்தேகம் வருகிறது.

விரால் எப்படித் தப்பியது? அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வைத்துக்கொள்ள ஓர் அறை இருக்கு. மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் முழுகிச் சாகும்னு சொன்னால் என் தங்கை நம்பவே மாட்டேங்கிறாள்.

நம்ம ஊர் கொள்ளிடப் படுகை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மீன் வாய்க்கால் வழியாக ஏறி வந்து வயலிலும் குளத்திலும் குஞ்சு பொரிக்கும். தண்ணி வடியும்போது விரால் எந்தச் சேற்றிலும் தங்கிக்கொள்ளும். கெண்டைக்கு ஆற்றுக்குத் திரும்ப வழி வேண்டும், இல்லாவிட்டால் குளத்தில் ஆழம் வேண்டும். இப்போது இரண்டும் இல்லை. வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. குளத்தைத் தூர் வாரினவங்க மடுவையும் நிரவி, சாப்பாட்டுத் தட்டு மாதிரி சமமாக்கிட்டாங்க. கரையில் நின்ற புங்க மரங்களையும் வெட்டியாச்சு. பங்குனியில் முழங்கால் தண்ணிதான். அதை வெயில் காய்ச்சாமல் என்ன செய்யும்?

குளத்தில் ஒரு மூலையில் மடு வெட்டி விடணும். வெட்டினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் அதிலுள்ள சேறும் இலையும் அள்ளணும். இல்லாவிட்டால் ஆழத்தில் குளிர்ச்சி இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. மடு இருந்தால் பிள்ளைங்க விழுந்துடும்னு எங்க அம்மாவே சொல்றாங்க. அந்தப் பயம் நியாயம்தான். படித்துறைக்கு எதிர்க்கரையில் வெட்டி, சுற்றிலும் முள் அடைக்கலாமே. மீன் குத்தகை எடுத்தவர் சித்திரை, வைகாசியில் விடியற்காலம் மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணியையே மேலிருந்து கொட்டவிட்டால் காற்று கலந்து கொஞ்சம் ஆக்சிஜன் ஏறும். டீசல் செலவு ஆகும், செத்த மீனோட நஷ்டத்தைவிடக் குறைச்சல்தான்.

மே 1 கிராமசபையில் பெரியவங்க யாராவது இதைக் கேட்கணும். நான் கேட்டால் மைக்கைக் கொடுக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி