ஆயாம்மாவுக்கு ஆறு மாச அரியர்!

அரியர்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லித் தரணுமா பாஸ்? மேத்ஸ்ல ஒண்ணு, சர்க்யூட் தியரியில ஒண்ணுன்னு பத்திரமா சேர்த்துவெச்சுக்கிட்டு, கேன்டீன்ல அதே கெத்தோட சமோசா சாப்பிடுற பரம்பரை நாம. ஆனா பரீட்சையே எழுதாம, கொடுத்த வேலையை ஒழுங்கா செஞ்சும் ஒருத்தருக்கு ஆறு மாச அரியர் விழுந்தா? அந்த அரியர் பத்திதான் இந்த வாரம்.

சிங்கப்பெருமாள் கோயில் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாறையைக் குடைஞ்ச நரசிம்மர் சந்நிதி, ஒரு காலத்துல ரயில்வே கேட்டுல நின்னே பாதி ஆயுசைக் கழிச்ச ஜனங்க, ஷிஃப்ட் நேரத்துல வரிசை கட்டுற கம்பெனி பஸ்கள்... அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரத்துல, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்ட் சின்னதா ஸ்பெஷல் ஸ்கூல் நடத்துது. பேர் வேண்டாம். ‘பேரைப் போட்டுடாதீங்க தம்பி, அடுத்த தவணையும் நின்னுடும்’ என்று நிர்வாகி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

என்.எஸ்.எஸ். சார்பில் எங்களை அங்கே அனுப்பியது சுவருக்கு பெயின்ட் அடிக்க. போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னாடியே ரெண்டு காலேஜும் ஒரு கம்பெனியும் அதே சுவருக்கு பெயின்ட் அடிச்சுட்டுப் போயிருக்கு! கீழே யானை, மேலே பட்டாம்பூச்சி, நடுவுல கம்பெனி லோகோ. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ரொம்ப நல்லா கவனிக்கப்பட்ட சுவர் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார் ஆயாம்மா. ஒரு வாய் உள்ளே போக அஞ்சு நிமிஷம். துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பாத்ரூம் கூட்டிப்போவது, வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைப்பது, சாயங்காலம் வேனில் ஏற்றிவிடுவது எல்லாம் அவங்கதான்.

“சம்பளம் ஆறு மாசமா வரலையாமே, எப்படிம்மா சமாளிக்கிறீங்க?”

“வரும் தம்பி. அரசாங்கப் பணம், எங்க போயிடப்போகுது? கொஞ்சம் லேட்டா வரும்.”

“எவ்ளோ லேட்டா?”

“ஒருவாட்டி தீபாவளிக்கு வரவேண்டியது பங்குனி உத்திரத்துக்கு வந்துச்சு. அதுக்காக இதுங்களைப் பட்டினி போட முடியுமா?”

ஒரு பாலத்துக்குப் பணம் லேட்டானால் பாலம் பாதியில் நிற்கும். பாவம், அதுக்குப் பசிக்காது. ஆனால் இந்த மாதிரி சேவைகளில் சேவை என்பதே ஒரு மனுஷிதான். ஊட்டுகிற கை, பேசக் கற்றுத்தருகிற வாய். அந்த மனுஷிக்குச் சம்பளம் வராவிட்டால் ரெண்டு மாசம் கடன் வாங்குவாங்க. மூணாவது மாசம் கம்பெனி ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போயிடுவாங்க. போனால் அந்தப் பையனுக்கு யார் ஊட்டுவது? புது ஆளிடம் அவன் வாயே திறக்க மாட்டான்.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வருது? அதைக் கேட்டதும் எனக்குத் தலை சுத்திடுச்சு. உங்களுக்கும் கொஞ்சம் சுத்தட்டும்.

மத்திய அரசிடம் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2003-ல் இந்தப் பெயர் வந்தது. ஸ்பெஷல் ஸ்கூல் மாதிரி வேலைகளைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு, அனுமதிக்கப்பட்ட செலவில் 90 சதவிகிதம் வரை மானியம். மீதியை நிறுவனமே புரட்டிக்கணும். கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனால் பாதை இப்படி: ஆன்லைனில் விண்ணப்பம், மாவட்ட அளவில் ஆய்வு, மாநில அரசின் பரிந்துரை, அப்புறம் டெல்லி. போன தடவை வாங்கிய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த பணம் நகராது. அந்தச் சான்றிதழுக்கே 2017 பொது நிதி விதிகளில் ‘12-ஏ’ன்னு தனிப் படிவம். ஆடிட்டர் கையெழுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட், வருகைப் பதிவேடு... ஒரு காகிதம் குறைந்தால் ஃபைல் வந்த வழியே திரும்பும். இதுக்கு நடுவுல பிள்ளைகளுக்குப் பசிக்காமலா இருக்கும்? கடன் வாங்கிச் செலவு பண்ணிட்டு, பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுக்குது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டமும் இருக்கு. 2022-ல் அதற்கு 16.2 கோடி டாலர் கடன் அனுமதி ஆச்சு. ஆக, பணமே இல்லைன்னு சொல்லிட முடியாது.

இவ்வளவு செக்கிங் எதுக்குன்னு கோபம் வருதா? எனக்கும் வந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கு மக்களே. 2017-ல் சி.பி.ஐ. சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்த கணக்கைப் பாருங்க. நாட்டில் சுமார் 33 லட்சம் தொண்டு நிறுவனங்கள். அதில் ஒழுங்காக வரவு செலவு காட்டியவை 3 லட்சத்துச் சொச்சம். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டுமே வெச்சிருக்கிற ‘சேவைச் செம்மல்’கள் நம்ம ஊரிலும் உண்டுதானே? அதனால் கணக்கு கேட்பது தப்பே இல்லை. ஆனால் கள்ள நிறுவனத்துக்குக் கணக்கெழுத ஆள் இருக்கும். நிஜமா வேலை செய்யுற இடத்தில் ஆயாம்மாதான் இருப்பாங்க, அக்கவுன்டன்ட் இருக்க மாட்டார். வலையில் சிக்குவது எந்த மீன்னு நீங்களே யோசிங்க.

இங்கேதான் எனக்கு ஒரு டவுட். டெல்லிக்குத் தெரியாது, கோட்டைக்குத் தெரியாது. ஆனா அந்த ஸ்கூல் நிஜமா நடக்குதா, டுபாக்கூரான்னு அந்த ஊராட்சிக்குத் தெரியாதா? தெருவுக்குத் தெரு ஆளைத் தெரிந்த நிர்வாகம் அதுதானே! அப்புறம் ஏன் அங்கிருந்து ஒரு ரூபாய்கூட சம்பளத்துக்கு வரவில்லை?

சட்டப்படி பார்த்தால் தடையே இல்லாத மாதிரி இருக்கும். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு 29 துறைகளைப் பட்டியல் போட்டது. அதில் 26-வது சமூக நலம், மாற்றுத்திறனாளிகள் நலம் உட்பட. சூப்பர்ல? ஆனால் காசு வரும்போது கதையே வேற. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மீதி 40 சதவிகிதத்தை ஊரின் தேவைக்குச் செலவழிக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்: சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. அதாவது, ஸ்கூல் வாசலுக்கு பேவர் பிளாக் ரோடு போடலாம். அந்த ரோட்டில் நடந்து வேலைக்கு வருகிற ஆயாம்மாவுக்குக் கொடுக்க முடியாது!

மேலே இருப்பவர்கள் விதியைக் காட்டி, கீழே இருப்பவர்களின் நல்ல செலவை நிறுத்துவது நமக்குப் புதுசும் இல்லை. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் போனது. ஆரம்பக் கல்வி நிதியை சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு சொன்னதும் 1925-ல் நின்றுபோனது. சாப்பாடு கல்விச் செலவா இல்லையா என்று அன்றைக்கு அடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஆயாம்மாவின் சம்பளம் சேவையா, நிர்வாகச் செலவா?

பக்கத்து ஸ்டேட் கேரளாவில் இதை வேற மாதிரி டீல் பண்ணாங்க. 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டப் பணத்தில் பெரிய பங்கை உள்ளாட்சிகளிடமே கொடுத்தார்கள். 2004-ல் திருவனந்தபுரம் பக்கம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் ‘பட்ஸ்’ ஸ்கூல் வந்தது. நம்ம ஆயாம்மா ஸ்கூல் மாதிரியேதான். ஆனா நடத்துவது பஞ்சாயத்து, கைகொடுப்பது குடும்பஸ்ரீ பெண்கள். அப்புறம் கேரளா முழுக்கப் பரவிடுச்சு. 2008-ல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கையே போட்டு, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கே போய் கவனிக்கிற வேலையையும் பஞ்சாயத்துகளிடம் கொடுத்தார்கள். தொண்டு அமைப்புகளும் கூடவே ஓடுது. அங்கே எல்லாம் பக்கா என்று நான் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. ஆனா சம்பளம் எங்கேன்னு கேட்க, பஸ் பிடித்து தலைநகரம் போக வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்குப் போனால் போதும்.

நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. சென்னையில் வீடில்லாமல் ரோட்டோரம் தூங்குபவர்களுக்கான காப்பகங்கள். 2010-ல் சுப்ரீம் கோர்ட் சாட்டையைச் சுழற்றியதும் நகரங்களில் வேகம் பிடித்தது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஒரு ஆளுக்கு குறைந்தது 50 சதுர அடி என்று பின்னால் மத்தியத் திட்டத்தில் அளவுகளும் வந்தன. இடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். நிதியில் ஊழியர் செலவும் பராமரிப்பும் சேர்த்தி. அதாவது, ‘ஆளுக்கும் காசு’ என்பதை உள்ளாட்சி மூலமாகவே செய்ய முடியும். ஆனால் இது நகரத்துக்கு மட்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று கோடு மாறினால் கதையும் மாறிடும்.

‘அதான் சுத்தி இவ்வளவு கம்பெனி இருக்கே, சி.எஸ்.ஆர். பணம் வாங்கலாமே’ன்னு ஒரு அறிவாளி கேட்பான். எங்க கிளாஸ்லயும் கேட்டான். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கணும். கரெக்ட். அந்த ஸ்கூலுக்கும் வந்திருக்கு: ஒரு ஆர்.ஓ. வாட்டர் மெஷின், பத்து பெஞ்ச், அப்புறம் நாம முன்னாடியே பார்த்த அந்தச் சுவர். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க மெஷின் தோதா இருக்கும். மாசா மாசம் கொடுக்கிற சம்பளத்துக்கு எங்கே ரிப்பன் கட்டுறது?

சரி, நாம என்ன செய்யலாம்? உண்ணாவிரதம் எல்லாம் வேண்டாம், செமஸ்டர் வருது. உங்க வோட்டு ஒரு ஊராட்சியில் இருந்தால், கிராம சபைன்னு ஒண்ணு இருக்கே, ஞாபகம் இருக்கா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-னு வருஷத்துக்கு ஆறு தடவை. டவுன்காரர்களுக்கு ஏரியா சபை இருக்கு. லீவு நாள்னு போர்த்திக்கிட்டுத் தூங்காம ஒருதடவை எட்டிப் பாருங்க. ‘நம்ம ஊர் ஸ்பெஷல் ஸ்கூல் நிஜமாவே தினமும் நடக்குது, இத்தனை பிள்ளைங்க வர்றாங்க, மானியத்தைச் சீக்கிரம் விடுவிக்கணும்’னு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க. பணம் உடனே கொட்டாது. ஆனா ஃபைல்ல ஊரோட சாட்சி ஏறிடும். வீட்டு வரி, தொழில் வரின்னு ஊராட்சிக்கு வர்ற சொந்த வருமானத்துல கரன்ட் பில்லாவது கட்ட வழியிருக்கான்னு கேளுங்க. முடியாதுன்னா, எந்த விதிப்படி முடியாதுன்னு எழுத்தில் கேளுங்க.

இன்னொண்ணு, என்.எஸ்.எஸ்.ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் நமக்குக் கணக்கு. அதில் எத்தனை மணி நேரம் சுவருக்கே போகுது! எங்க டீம்ல இந்தத் தடவை நாலு பேர் பிரஷ்ஷைக் கீழே வெச்சுட்டோம். ஒருத்தன் வவுச்சரை எல்லாம் தேதி வாரியா அடுக்கினான், ஒருத்தி எக்ஸெல்ல ஏத்தினா, நான் வருகைப் பதிவேட்டோட ஒப்பிட்டுப் பார்த்தேன். பில் இல்லாத காய்கறிச் செலவுக்கு என்ன பண்றதுன்னு ஒரு பி.காம். சீனியரைப் பிடிச்சோம். ஆடிட்டர் கேட்ட பேப்பர் ரெண்டு சனிக்கிழமையில ரெடி. 12-ஏ படிவம் போயாச்சு. பணம் இன்னும் வரலை. அடுத்த சனிக்கிழமையும் போறோம், இன்னும் ரெண்டு வருஷத்து வவுச்சர் ஒரு சாக்குப் பையில இருக்கு. பி.காம். படிக்கிறவங்க யாராச்சும் இருந்தா வாங்க, ஷேர் ஆட்டோ காசு நம்ம செலவு.