துக்கடாவாக்கப்பட்ட தமிழும் துலங்கி எழுந்த மன்றமும்



சென்னைக்குச் சென்று வந்த மூத்த தோழர்கள் வில்லியனூரிலும் பாகூரிலும் பலர் உண்டு. 2002-இல் கோயம்பேட்டு நிலையம் திறக்கப்படும் வரையில், வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை ஒட்டித்தான் வந்து நின்றன. மூட்டையும் முடிச்சுமாக இறங்கியவர்கள் உயர்நீதிமன்றத்தைக் கண்டார்கள். அதற்கு அருகிலேயே இராஜா அண்ணாமலை மன்றத்தையும் கண்டார்கள். கண்டவர் பலர், உள்ளே சென்றவர் சிலர். ஏதோ ஒரு நாடகக் கொட்டகை என்று எண்ணிக் கடந்தவர்களும் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுதப்பட்ட மறுப்புரை அது என்பதை அவர்கள் அறியார்!

எதற்கு மறுப்பு?

கச்சேரி நடக்கும். பாடுபவர் தமிழர், கேட்பவர் தமிழர், காசு கொடுத்தவரும் தமிழர். பாட்டு மட்டும் தெலுங்கு, அல்லது வடமொழி! மூன்று மணி நேரம் கழிந்து, தனி ஆவர்த்தனமும் முடிந்து, அவையினர் மேல்துண்டை உதறி எழும் வேளையில் தமிழ் வரும் — ‘துக்கடா’ என்ற பெயர் தாங்கி! தெலுங்கின்மீது நமக்குப் பகையில்லை. தியாகராசரின் இசைமேன்மையை மறுப்பவன் செவியற்றவன். ஆனால் அவருக்கு முன்பே பிறந்த முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும் பந்தி முடிந்த பின் வந்த விருந்தினராகக் காத்து நின்றது ஏன்?

1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்ட அண்ணாமலைச் செட்டியார், 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். நம் பாகூருக்குத் தெற்கே, கடலூரைத் தாண்டினால் சிதம்பரம். கூப்பிடு தூரத்தில் எழுந்த குரல் அது! மேடைகளில் தமிழ்ப் பாட்டு மிகுதியாக ஒலிக்க வேண்டும் என்றது மாநாடு. சென்னையில் சங்கீத வித்வத் சபை இருந்தது. 1927 காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் தோன்றிய அமைப்பு. அதே 1941-இன் டிசம்பரில் அச்சபை பதில் தீர்மானம் போட்டது. மொழி பற்றிய கருத்தை நுழைத்து இசையின் உயர்தரத்தைத் தாழ்த்திவிடக் கூடாது என்பது அதன் சாரம்.

என்னே விந்தை! மொழியைப் பேசாதே என்றவர்கள் மொழியில்லாமலா பாடினார்கள்? அந்த மேடையில் இரண்டு மொழிகளுக்கு நிலைத்த இருக்கை இருந்தது, அது தரம். மூன்றாவது மொழி இருக்கை கேட்டது, அது மொழிவெறி!

வாதத்தோடு நின்றிருந்தால் தமிழிசை தோற்றிருக்கும். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1952-இல் மன்றம் எழுந்தது. வித்வத் சபையின் சொந்த அரங்குக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955-இல். அது திறக்கப்பட்டது 1962-இல். வீடின்றி நின்ற தமிழ், பத்தாண்டு முந்திக் குடியேறிவிட்டது! இராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யும் ஒருபுறம், பெரியாரும் அண்ணாவும் மறுபுறம். வேறு எதிலும் ஒன்றுபடாத இவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். தேவாரப் பண்களை ஆராயும் கூட்டங்களைச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தியதே, அந்தப் பணிதான் மன்றத்தின் மெய்யான புகழ் என்பேன். முழக்கத்துக்கு அடியில் ஆராய்ச்சி இல்லையேல் முழக்கம் ஓய்ந்துபோம்.

“செல்வரின் கொடைதானே!” என்று முகம் சுளிக்கும் தோழரும் உண்டு. உண்மைதான், ‘ராஜா’ என்பதும் வெள்ளையர் ஆட்சி தந்த பட்டந்தான். ஆயினும் பணம் எங்கே பாய்கிறது என்பதே கேள்வி. பாகூர்ச் செப்பேட்டைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் இறையிலியாகக் கொடுக்கப்பட்டன. அங்கே ஓதப்பட்டது வடமொழிக் கல்வி. அதைத் தாங்கியது இந்த மண்ணின் விளைச்சல். ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு செல்வரின் பணம் தமிழுக்குத் திரும்பியதென்றால், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். சென்னை மன்றத்தைப் புகழும் நாம், நம் கொம்யூனில் என்ன செய்கிறோம்? பல கோயில்களில் நாயனக்காரர் நின்ற இடத்தில் இன்று மின்சார மேளம் இடிக்கிறது. வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடிக்க ஆளுநர் வருகிறார். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் அது, படமும் ஏடுகளில் வருகிறது. தேரின் முன்னே வாசித்து வருபவரின் பிள்ளை நாயனம் கற்றானா என்று கேட்டவர் யார்? அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இசை கற்பிக்கிறது. கற்று வெளிவருவோருக்கு வில்லியனூரிலோ பாகூரிலோ மாதம் ஒரு மேடை அமைத்துத் தரக் கொம்யூன் பஞ்சாயத்தால் முடியாதா? பெரும் பொருள் தேவையில்லை. ஒரு பந்தலும் ஒலிபெருக்கியும் போதும்.

நம் கூட்டங்களையும் விட்டுவிடுவதற்கில்லை. பொதுக்கூட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் திரையிசை. தமிழிசைக்கு, தலைவர் வரத் தாமதமானால் பத்து நிமிடம்! வித்வத் சபையைச் சாடிய நாவால் நாமே தமிழைத் துக்கடாவாக்குகிறோம். அடுத்த பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரலை அச்சகத்துக்கு அனுப்புமுன், கிளைச் செயலாளர்கள் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்: ஓதுவார் பெயரும் நாயனக்காரர் பெயரும் எத்தனையாவது வரியில் இருக்கின்றன?