யாருடைய தாமதம்?

கே.கே. நகரை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டில் என் அம்மா இட்லிக்கடை போடுகிறார். இருபது வருடமாகத் தண்டல் வாங்கிக் கட்டுகிறார். பத்தாயிரம் என்று பேசி, கையில் எட்டாயிரத்து ஐநூறு தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். மழைக்குக் கடை போடாத நாளிலும் அவர் கட்டாமல் இருந்ததில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அவருக்குக் 'கடன் வரலாறு' உருவானது என் கல்விக்கடனால். இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டார். தவணை தொடங்கியபோது நான் ஆய்வு மாணவன். உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. வீட்டு வாடகையைக் கொடுத்தோம், மூன்று தவணை தவறியது. இருவர் ஸ்கோரும் சரிந்தது.

சிபில் அறிக்கையில் கடந்த 36 மாதங்களும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்று எண் போட்டிருக்கும். எனக்கு வரவேண்டிய பணத்தை எத்தனை நாள் தாமதமாகக் கொடுத்தார்கள் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. 300 முதல் 900 வரையிலான அந்த எண்ணுக்குச் சாதி தெரியாது என்பார்கள், தோழர்களே. அவசரத்துக்கு ஒரு லட்சம் புரட்டித்தர மாமாவோ சித்தப்பாவோ இருக்கிற வீட்டில் தவணை தவறாது. அந்த மாமாவுக்கு நிலம் எப்படி வந்தது என்று கேட்டால் சாதி தெரிந்துவிடும்.

இது கடனோடு நிற்பதில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மோசமான கடன் வரலாற்றைக் காட்டி பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் அதிகாரி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்றது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டும் பயனில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் வங்கித் தேர்வுகளை நம்பியிருக்கிறார்கள். (2023இல் கேரள உயர் நீதிமன்றம், ஸ்கோர் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்றது. அந்த மனம் இங்கே வரவில்லை.)

ஆகவே அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பாதியைக் கட்டி 'செட்டில்மெண்ட்' செய்யச் சொல்லும் ஏஜெண்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கடன் 'செட்டில்டு' என்றே பதிவாகும். முழுதாக அடைத்ததாகக் கணக்கில்லை.

என் விஷயத்தில் திருத்த எதுவுமில்லை. மூன்று தவணை தவறியது உண்மை. அதனால்தான் இதைப் புகாராக இல்லாமல் கோரிக்கையாக வைக்கவேண்டியிருக்கிறது: உதவித்தொகை நிலுவையில் இருக்கும் மாதங்களுக்குக் கல்வி நிறுவனம் சான்று தரட்டும். அந்த மாதங்களின் தவணையை வங்கி தள்ளிவைக்கட்டும். நிலுவை வைத்தவர்களே அதற்கான வட்டியைக் கட்டட்டும்.