குளிர்ந்த காற்று, பழைய காற்று

தனியார் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்களில் ‘ஏசி வகுப்பறைகள்’ என்ற வரி இப்போது சாதாரணமாகிவிட்டது. பெற்றோரும் அதை ஒரு வசதியாகவே பார்க்கிறார்கள். ஏப்ரல் வெயிலில் பிள்ளை வியர்த்து வழியாமல் உட்கார்ந்து படிக்கட்டும் என்று நினைப்பதில் தவறேதும் இல்லை. ஆனால், சுவரில் மாட்டியிருக்கும் அந்த ஸ்பிளிட் ஏசி பொதுவாக வெளியிலிருந்து துளிக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிச்சுவரில் இருக்கும் பெட்டி வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கானது. இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாயில் ஓடுவது குளிர்பதனப் பொருள்தானே தவிர, நாம் சுவாசிக்கும் காற்று அல்ல. குளிர் வீணாகக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால், நாற்பது பிள்ளைகள் விட்ட மூச்சை அதே நாற்பது பிள்ளைகள் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியதுதான். உள்ளே காற்று மாறுகிறதா என்று அளந்து பார்க்காமல் எந்த வகுப்பறையையும் மூடி ஏசி போட அனுமதிக்கக் கூடாது.

இதற்கான கணக்கு பத்தாம் வகுப்பு மாணவரே போடக்கூடியது. 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையில் 4,000 கன அடி, அதாவது சுமார் 113 கன மீட்டர் காற்று இருக்கும். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. 40 பேருக்கு 600 லிட்டர். வெளிக்காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கைச் சற்றே தாண்டி நிற்கிறது. அறை முற்றிலும் அடைபட்டிருந்தால் ஏழு நிமிடத்துக்குள் அது 1,000 பங்கைத் தொட்டுவிடும். முக்கால் மணி நேரப் பாடவேளை முடிவதற்குள் 4,000-ஐத் தாண்டும். எந்த அறையும் அப்படி முழுதாக அடைபடுவதில்லை. கதவிடுக்கில் கொஞ்சம் கசியும், யாராவது வந்து போவார்கள். அதனால் ஏற்றம் மெதுவாகும், நின்றுவிடாது. நாம் வெளிவிடும் மூச்சில் இந்த வாயு சுமார் 40,000 பங்கு. ஆகவே அறையின் அளவு 2,400 பங்கானால், உள்ளே இருக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது என்று பொருள்.

இந்த அளவுகோல் புதிதல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1858-லேயே, அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். அந்த அளவில் அந்த வாயு விஷமல்ல என்பதும் அவருக்குத் தெரியும். அறையில் காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்பதைக் காட்டும் அடையாளமாகவே அதைக் கொண்டார். இன்றும் அந்த விளக்கமே சரியானது. இந்த வாயு கூடினால் மூளை மந்தமாகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய சோதனையில், 1,000 பங்கிலேயே முடிவெடுக்கும் திறன் குறைந்தது தெரியவந்தது. வேறு சில சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. ஆகவே ‘ஏசி அறையில் மதிப்பெண் குறையும்’ என்று பயமுறுத்த வேண்டிய தேவை இல்லை. தொற்றுநோய் விஷயத்தில் ஆதாரம் இதைவிடப் பல மடங்கு வலுவானது. தைவானின் தைபே நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியபோது, மாணவர்கள் இருந்த அறைகளில் கரியமில வாயு 3,200 பங்கு வரை போயிருந்தது. காற்றோட்டத்தைச் சரிசெய்து அதை 1,000-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு, நோயாளிகளுடன் பழகியவர்களுக்குக் காசநோய் தொற்றுவது 97 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். தைபே வகுப்பறையில் நடந்தது நமக்கு அந்நியமான செய்தியா என்ன?

நம் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கட்டியவர்கள் காற்றுக்கு வழி வைத்தே கட்டினார்கள். உயரமான கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள், அவற்றுக்கும் மேலே கூரையை ஒட்டி வென்டிலேட்டர். கீழிருந்து வரும் காற்று சூடேறி மேலே எழும்பி அந்தச் சின்னத் திறப்பு வழியே வெளியேறும். மின்விசிறி நின்றுபோனாலும் அந்த ஓட்டம் நிற்காது. பழைய கட்டடத்துக்குள் ஏசி நுழையும்போது முதலில் அடைபடுவது இந்த வென்டிலேட்டர்தான். ஒட்டுப்பலகை வைத்து அடிப்பார்கள், அல்லது ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடுவார்கள். பிறகு ஸ்மார்ட் வகுப்புத் திரை பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ஜன்னலுக்குத் திரைச்சீலை. ஒரு லட்சம் கட்டணம் வாங்கும் பள்ளியின் ஏசி அறையைவிட, எதிரெதிர் ஜன்னல்கள் திறந்து மின்விசிறி சுற்றும் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையில் காற்று சுத்தமாக இருக்க முடியும். பல பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

முதலில் எழும் மறுப்பு வெயில். மே மாதம் போல ஜூனிலும் கொளுத்தும் ஊரில் ஜன்னலைத் திற என்பது அக்கறையற்ற பேச்சு என்பார்கள். நியாயமான மறுப்பு, வெப்பமும் பிள்ளைகளைப் படிக்கவிடாது, மயங்கி விழவும் வைக்கும். ஆனால் ஏசியை எடுத்துவிடச் சொல்வது இங்கே கோரிக்கை அல்ல. ஏசி இருக்கும் அறைக்கு வெளிக்காற்றை இழுத்துத் தரும் ஒரு சிறு விசிறியும் குழாயும், பழைய காற்றை வெளியேற்றும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். அது அமையும்வரை, ஒவ்வொரு பாடவேளை மணி அடித்ததும் கதவு, ஜன்னல் அனைத்தையும் ஐந்து நிமிடம் விரியத் திறந்துவைக்கலாம். காலை முதல் இரண்டு பாடவேளைகளில் பெரும்பாலான மாதங்களில் ஏசியே தேவைப்படாது. மொட்டைமாடிக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மேல்தள அறைகளின் சூடு தணியும். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், மறுப்பதற்கில்லை. ஏசிக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கும் பள்ளி, காற்றுக்கும் அதிலேயே செலவு செய்யட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வெளிக்காற்றே நஞ்சாக இருக்கும்போது அதை ஏன் உள்ளே விட வேண்டும்? நவம்பர் மாத டெல்லிக்கு இது முற்றிலும் பொருந்தும். எண்ணூர், மணலி போன்ற ஆலைப் பகுதிகளுக்கும் சில நாட்களில் பொருந்தும். அங்கே வடிகட்டி இல்லாமல் ஜன்னலைத் திறப்பது தீர்வாகாது. ஆனால் நுண்துகள்கள் மூடிய ஜன்னலையும் தாண்டி இடுக்குகள் வழியே உள்ளே வந்துவிடுகின்றன. அவற்றோடு வகுப்பறை தானே உண்டாக்கும் தூசும் சேர்கிறது. சாக்பீஸ் தூள் படிந்த டஸ்டரைச் சுவரில் தட்டுவதும், மணியடிக்கும் நேரத்துக்குச் சற்று முன் காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும் இதில் சேர்த்தி. பள்ளி விட்டதும் ஈரத்துணியால் துடைத்தாலே இதில் பாதி தீரும். சாலையோரப் பள்ளி என்றால் சாலைக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறக்கலாம். வாசலில் நிற்கும் பள்ளிப் பேருந்துகளின் எஞ்சினை அணைக்கச் சொல்லலாம். துகள்களுக்கு வடிகட்டி இருக்கிறது. அமெரிக்காவின் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் 2020-ல், நான்கு வடிகட்டிகளைப் பெட்டிபோல ஒட்டி மேலே ஒரு மின்விசிறியை வைத்து மலிவான காற்றுச் சுத்திகரிப்பான் செய்யலாம் என்று காட்டினார்கள். பிறகு அங்கே பள்ளி மாணவர்களே அவற்றைச் செய்து வகுப்பறைகளில் வைத்தார்கள். அது துகள்களையும் கிருமிகளையும் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. அதனால் வெளிக்காற்றுக்கு அது துணைதான், மாற்று அல்ல.

கொசு வரும் என்பார்கள். ஜன்னலுக்கு வலை அடித்து, மாதம் ஒருமுறை அதன் தூசியைத் தட்டினால் போதும். விடுதி அறைகளில் ஜன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றும் வழக்கம்தான் கவலைக்குரியது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

காற்றை அளக்கும் செலவுக்கு முன்மாதிரி உண்டு. 2021-ல் இங்கிலாந்து அரசு சுமார் மூன்று லட்சம் கரியமில வாயு மானிகளைப் பள்ளிகளுக்கு அனுப்ப முன்வந்தது. அளவு 800-க்குள் இருந்தால் நல்லது, 1,500-ஐத் தாண்டினால் உடனே ஏதாவது செய்யுங்கள் என்ற எளிய விதியோடு. நாம் வகுப்புக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. கையளவுக் கருவிதான்; ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு பள்ளியின் எல்லா அறைகளையும் சில வாரங்களில் அளந்துவிடலாம். பசித்த பிள்ளையால் படிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, 1982-ல் சத்துணவையும் 2022-ல் காலை உணவையும் பள்ளிக்குள் கொண்டுவந்த மாநிலம் இது. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த பிறகு, பள்ளிகளின் கூரை மீதும் படிக்கட்டு மீதும் அரசின் கண் பட்டது. கெட்ட காற்று ஒரே நாளில் அப்படி உயிர் பறிப்பதில்லை; அடிக்கடி வரும் சளி, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் காய்ச்சல், யாரிடமிருந்து வந்ததென்றே தெரியாத காசநோய் என்று சிதறிப் போவதால் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

இதற்கென்று புதிய சட்டம் தேவையில்லை. அங்கீகாரம் பெறத் தனியார் பள்ளிகள் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்றோடு சுகாதாரச் சான்றும் காட்டியாக வேண்டும். குடிநீரையும் கழிப்பறையையும் பார்க்கும் அந்தச் சுகாதாரச் சான்றில், வகுப்பறையின் கரியமில வாயு அளவு என்று இன்னும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அளக்கும்போது வகுப்பு நிறைந்திருக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும், பிற்பகல் கடைசிப் பாடவேளையாக இருக்க வேண்டும். மானி ஜன்னலோரத்திலோ ஆசிரியர் மேசையிலோ அல்லாமல், அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையளவு உயரத்தில் இருக்க வேண்டும். பாடவேளை முடியும்போது அது காட்டும் எண், அறை எண்ணோடு சேர்ந்து, பெற்றோர் கட்டணம் கட்ட வரும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.