முதலில் முகத்தைப் பாருங்கள்

கோல்ஃப் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே குறைதான். பந்து நேராகக் கிளம்பாமல் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே குறை இடப்பக்கம் வரும். "கிளப்ப எறக்கும்போது என்னமோ தப்பு நடக்குது சார், அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். அந்தத் தப்பு கண்ணுக்குத் தெரிவது இறக்கும்போதுதான். அது விளைந்த இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் இதை முதல் நாளே சொல்லாமல் ஆட்களை மாதக்கணக்கில் அலைக்கழிக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளப் எனும் கோல்ஃப் மட்டையின் முகம் என்பது பந்தில் மோதும் அந்தத் தட்டையான பரப்பு. மோதும் நேரத்தில் அது இலக்கைப் பார்க்காமல் வலப்பக்கம் திரும்பியிருந்தால் 'முகம் திறந்திருக்கிறது' என்போம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த முகம். கிளப் எந்தப் பாதையில் வந்தது என்பதற்கு அதில் சிறு பங்குதான் உண்டு. முகத்தின் திசைக்கும் பாதையின் திசைக்கும் உள்ள இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. 200 கெஜம் போகும் பந்துக்கு முகத்தில் 1 டிகிரி பிசகினால் ஏறக்குறைய மூன்றரை கெஜம் விலகல். 5 டிகிரி என்றால் 17 கெஜம், வளைவு தனிக்கணக்கு. 30 கெஜம் அகலமுள்ள ஃபேர்வே என்ற புல்வெளியின் நடுவைக் குறிவைத்தவருக்கு, வளைவதற்கு முன்பே பந்து வெளியே போய்விட்டது. முகம் திறக்கும்போது அதன் சாய்வும் கூடுவதால் பந்து மேலே எழும்பித் தூரமும் குறைகிறது.

பழைய பாடம் வேறு மாதிரி இருந்தது. பந்து கிளப்பின் பாதையில் கிளம்பும், முகம் அதைப் பிறகு வளைக்கும் என்று பல்லாண்டுகள் கற்பித்தார்கள். 1968இல் காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வு நூலே இதற்கு மாறான உண்மையைச் சொல்லியிருந்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டென்மார்க்கின் டிராக்மேன் ராடார் பயிற்சித் திடல்களுக்கு வந்து, ஒவ்வோர் அடியையும் எண்ணாகக் காட்டிய பிறகுதான் பயிற்சியாளர்கள் பழைய பாடத்தை விட்டார்கள். முழுவதும் விடவில்லை. இன்றும் ஸ்லைஸ் என்றதும் பாதையைத் திருத்தக் கிளம்புகிறவர்கள் ஏராளம்.

என்னிடம் வந்த பொறியாளர் ஒருவருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. 'உள்ளேயிருந்து வெளியே அடியுங்கள்' என்பதே முன்பு அவர் கற்ற பாடம். பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு தடுப்பு வைத்து, அதில் படாமல் அடிக்கப் பழகியிருந்தார். பாதை மாறியிருந்தது. ஆனால் முகம் திறந்தே இருந்ததால் பந்து முன்பைவிட வலப்பக்கம் போனது. மனிதர் விளையாட்டையே விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தார். அவருடைய பழைய கோணல் பாதை ஒரு விளைவு என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. பந்து வலப்பக்கம் போகப்போக, உடல் அதைத் தானே உணர்ந்து இடப்பக்கமாக இழுத்து அடிக்கப் பழகிக்கொள்கிறது. இழுக்க இழுக்க முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி கூடி, வளைவும் கூடுகிறது. முகத்தை மூடிக் காட்டுங்கள். பந்து இடப்பக்கம் கிளம்பத் தொடங்கியதும், இழுப்பதை உடலே குறைத்துக்கொள்ளும். அவர் அடித்த பந்துகள் முதன்முறையாக இடப்பக்கம் பறந்தபோது அவர் பதறினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

உச்சியிலிருந்து கிளப்பை இறக்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. முகமும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண் கண்டதற்குக் கை அசையவே ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். அதற்குள் 'முகம் திறந்திருக்கிறது, மூடு' என்று முடிவெடுத்துச் செய்து முடிக்க எவராலும் ஆகாது. செய்ய முயல்கிறவர்கள் கடைசி நேரத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்புகிறார்கள். ஒரு பந்து நேராகப் போகும், அடுத்தது இடப்பக்கம் பாயும், அதற்கடுத்தது பழையபடி மரத்துக்குள். அதனால்தான் இறக்கத்தை எட்டும் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறேன்.

இங்கே பென் ஹோகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1953இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன் ஆகிய மூன்று போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றவர். 1957இல் வெளிவந்த அவருடைய 'ஃபைவ் லெசன்ஸ்' நூலைப் படிக்காத கோல்ஃப் ஆட்டக்காரர் குறைவு. ஆனால் ஹோகனின் நோய் நேர் எதிரானது. பந்து இடப்பக்கம் சுருண்டு ஓடும் ஹூக் அவரைப் பல ஆண்டுகள் வதைத்தது. அதற்காக இடக்கைப் பிடியை இடப்பக்கம் திருப்பினார். உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கம் மடித்தார். இரண்டுமே முகத்தைத் திறக்கும் மருந்துகள். 1955இல் 'லைஃப்' இதழில் இந்த ரகசியத்தை வெளியிட்டபோது, சாதாரண ஆட்டக்காரரை இது கெடுத்துவிடும் என்று அவரே எச்சரித்தார். எச்சரிக்கையை மறந்து, ஏற்கெனவே முகம் திறந்து அடிப்பவர்கள் அவருடைய பிடியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'ஃபைவ் லெசன்ஸ்' நூலில், பந்தைத் தொடும்போது இடது மணிக்கட்டு எலும்பு இலக்கை நோக்கிப் புடைத்திருக்க வேண்டும் என்று அவர் எழுதியதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இக்கால ஆட்டக்காரர்களில் டஸ்டின் ஜான்சனைப் பாருங்கள். உச்சியில் அவருடைய இடது மணிக்கட்டு உட்பக்கம் நன்றாக வளைந்திருக்கும். பழைய ஆசிரியர்கள் பார்த்தால் திருத்தச் சொல்லியிருப்பார்கள். அந்த மணிக்கட்டோடுதான் 2020 மாஸ்டர்ஸை 268 அடிகளில் முடித்துச் சாதனை படைத்தார். ஜான் ராமும் அந்த வகைதான். எல்லோரும் அவ்வளவு வளைக்க வேண்டியதில்லை. தட்டையாக இருந்தாலே போதும்.

ஸ்லைஸ் அடிக்கிற ஒருவர் வந்தால் நான் முதலில் பார்ப்பது இடக்கை. கிளப்பை விரல்களின் அடியில் பிடித்துக் குனிந்து பார்த்தால் குறைந்தது இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் மூன்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். பலருக்குப் பாதி நோய் இங்கேயே தீரும். அடுத்து மணிக்கட்டு. பள்ளிப் பிள்ளைகளின் சிறிய அடிக்கோலைக் கையுறைக்குள் புறங்கையை ஒட்டிச் செருகி, கிளப்பை உச்சிக்குக் கொண்டுபோகச் சொல்வேன். மணிக்கட்டு பின்னால் மடிந்தால் அடிக்கோல் குத்தும். பொய் சொல்லாத கருவி, விலையும் பத்து ரூபாய்.

பிறகுதான் இறக்கம். இடக்கையால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை முறுக்குவதுபோல, முட்டிகள் தரையை நோக்கித் திரும்பும்படி மணிக்கட்டை முறுக்க வேண்டும். கைகள் இடுப்பருகே வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். கிளப்பின் தண்டு தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகத்தின் விளிம்பு வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நின்றால் இன்னும் திறந்திருக்கிறது. முதுகின் சாய்வோடு ஒத்துச் சற்றே கவிழ்ந்திருந்தால் சரி. அதற்குப் பிறகு கை எதையும் செய்யக் கூடாது. இடுப்பும் மார்பும் நிற்காமல் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். முகத்தை மூடிவிட்டு உடலை நிறுத்தினால் ஹோகனின் ஹூக் வந்து சேரும்.

சென்னையில் எனக்குத் தெரிந்த, ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் மூத்த கேடி ஒருவர் ராடாரைத் தொட்டதே இல்லை. பந்து பறப்பதைப் பார்த்துவிட்டு, "மொகம் தொறந்திருக்கு சார், கைய மாத்திப் புடிங்க" என்பார். அவர் சொல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேடிகளாக வளர்ந்து இந்தியன் ஓபனையே வென்றவர்கள் நம் நாட்டில் உண்டு: 1991இல் அலி ஷேர், 2009இல் முனியப்பா. இவர்களைப் போன்றவர்களின் கண்ணுக்கு உரிய மதிப்பை நம் கோல்ஃப் மன்றங்கள் இன்னும் தரவில்லை என்பது என் வருத்தம்.

ஸ்லைஸைக் குறைக்கும் டிரைவர் வகைக் கிளப்புகள் கடையில் கிடைக்கின்றன. உள்பக்கம் எடை கூட்டியவை, முகத்தை முன்கூட்டியே சற்று மூடி வைத்தவை. கொஞ்சம் உதவும்தான். உச்சியில் மடிந்த மணிக்கட்டை அவை திருத்தாது. பல ஆயிரங்களை அங்கே கொட்டும் முன், நல்ல பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் கையைக் காட்டுங்கள்.

சக பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவருக்குத் தோள், இடுப்பு, பாதை என்று அடுக்கும் முன் முகத்தை விளக்குங்கள். ஆடுகிறவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு ஒன்பதாம் எண் அயர்னை எடுங்கள். அரை வீச்சில், மெதுவாக அடியுங்கள். பின்னாலிருந்து யாரையாவது கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில், முழு வேகத்தில் இறக்கினாலும் அந்தக் கால் நொடி அறுபது படங்களாக விரியும். இடுப்பு உயரத்துப் படத்தில் முகம் எங்கே பார்க்கிறது என்று கவனித்துவிட்டு அடுத்த பந்தை வையுங்கள்.