எந்த மண்ணில் விழுந்த மின்னல்?

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் குழாய். வெளிப்புறம் மணல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தது. துளை வழியே பார்த்தால் உட்சுவர் பளபளக்கிறது. அதில் ஊசிமுனை அளவுக் குமிழிகள். மணலில் மின்னல் பாய்ந்து உண்டான இயற்கைக் கண்ணாடி. ஃபல்குரைட் என்பார்கள். இணையத்தில் வாங்கினாளாம். கூட வந்த அட்டையில், வீட்டுக்குச் சக்தி தரும், மனக்கவலை போக்கும் என்று நாலு வரி. எந்த நாட்டில், எந்த மணலில் கிடைத்தது என்று மட்டும் போடவில்லை.

பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

மின்னல் பாயும் பாதையில் வெப்பம் சுமார் 30,000 டிகிரி வரை போகும். குவார்ட்ஸ் மணல் உருகுவதற்கு 1,700 டிகிரி போதும். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் வழியெல்லாம் மணல் கண்ணிமைப்பதற்குள் உருகி, நடுவே துளை விட்டு, உடனே இறுகிவிடுகிறது. அந்த வேகத்தில் மண்ணுக்குள் இருந்த வாயுவும் குமிழிகளில் அடைபட்டுப்போகிறது. வெளியே வர வழியில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

எகிப்தின் தென்மேற்கில், லிபியப் பாலைவனத்தில் எடுத்த ஒரு துண்டை மெக்சிகோ விஞ்ஞானி ரஃபேல் நவாரோ-கொன்சாலஸும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். குமிழிகளை லேசரால் திறந்தபோது கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் வந்தன. மண்ணில் மக்கிய செடிகொடிகள் மின்னலில் வெந்ததன் அடையாளம் அது. வயது ஏறத்தாழ 15,000 ஆண்டுகள். இன்று மழையே அபூர்வமான அந்த இடத்தில் அன்று புல்லும் புதரும் இருந்திருக்கின்றன, இடி இடித்திருக்கிறது. அந்தத் துண்டு எங்கே கிடைத்தது என்று தெரியாமல் போயிருந்தால் அந்த வாயுக்களை வைத்து யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

1830-களில் உருகுவேயின் மால்டொனாடோ அருகே மணல் மேடுகளில் டார்வின் இத்தகைய குழாய்களைப் பார்த்தார். செடி பிடிக்காத மேடு; காற்றில் மணல் நகர நகர, குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை இரண்டு அடி ஆழம் வரை தொடர்ந்து தோண்டினார். சுவரின் கனத்தை அளந்தார். அதோடு விடவில்லை. அந்தப் பிரதேசமே இடி மின்னலுக்குப் பேர்போனதா என்று விசாரித்து, 1793-இல் புவனஸ் அயர்ஸில் ஒரே புயலில் 37 இடங்களில் மின்னல் விழுந்து 19 பேர் இறந்ததையும் சேர்த்து எழுதிவைத்தார். கல்லை எடுக்கிறவர் செய்ய வேண்டிய வேலை அது.

எடுக்காமல் விட்டால் காற்றே உடைத்துவிடும் என்கிறார்கள் விற்பவர்கள். உண்மைதான். எடுக்கவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. 1996-இல் புளோரிடாவில் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 5 மீட்டர் நீளக் குழாயைப் பக்குவமாகத் தோண்டி எடுத்தார்களே! ஆனால் இடத்தின் பெயரையும் ஆழத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத என்ன செலவு? மின்சாரம் பாய்ச்சி இதே மாதிரிக் குழாயைப் பட்டறையிலும் செய்யலாம். ஊர் பெயர் இல்லாத சரக்கு மணல்மேட்டில் பிறந்ததா, பட்டறையில் பிறந்ததா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

சக்தி, அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். ஆசைப்பட்டு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் எங்கே, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் விற்றவருக்கு இன்றே எழுதிக் கேட்டு, வரும் பதிலைக் கல்லோடு சேர்த்து வையுங்கள்.