உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு?

காலை 6 மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் 10 மணி வரை எழுந்திருக்க முடியாது. ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் போக்குவரத்து நிலவரம், நேயர் அழைப்பு, அடுத்த விளம்பரம் என்று எல்லாம் தயாராக வேண்டும். அதனால் ஒரு தந்திரம் பழகி வைத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்தபின் தண்ணீரே குடிப்பதில்லை. நிகழ்ச்சி நடுவில் வயிறு கூப்பிட்டால், "அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவேன். ஏழு வருடம் இப்படியே ஓடியது. இந்த வருடம் வயிறு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டது.

ஆமாம், மலச்சிக்கலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், பக்கம் எங்கேயும் போகாது. காதல் தோல்வி, கடன் தொல்லை, மாமியார் சண்டை எல்லாவற்றையும் ரேடியோவில் பேசியிருக்கிறேன். இதை ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிக்கும் என் மாமா. போன மாத விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் காலையில் கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வெளியே போற தண்ணிக்கு மீட்டர் இல்லாட்டி நாங்க எப்படிக் கணக்குப் போடுவோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

கணக்கு எளிதுதான். ஆலைக்குள் வந்த தண்ணீரை மீட்டரில் பார்க்க வேண்டும். பழத்துக்குள் இருக்கும் ஈரத்தை அதோடு கூட்டி, ஆவியாகப் போனதையும் சக்கையோடு போனதையும் கழித்தால் மிச்சம் கழிவுநீர். ஒரு டன் பழக்குலையை ஆட்டினால் ஏறக்குறைய அரை டன்னிலிருந்து முக்கால் டன் வரை வரும். "குறைச்சுக் கணக்குப் போட்டா குளத்தைச் சின்னதா வெட்டிடுவோம். கழிவு பக்குவமாகறதுக்குள்ள வழிஞ்சு ஆத்துக்குப் போயிடும்" என்றவர், "சரி, இப்ப உன் ஆலைக்கு வருவோம்" என்றார்.

நம் ஆலையின் கணக்கு இதைவிட ஆச்சரியமானது. ஒரு நாளில் நாம் சாப்பிட்டுக் குடிக்கும் நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், பித்தநீர் என்று உடம்பு தானாகச் சுரப்பது இன்னும் 7 லிட்டர். சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ள, பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது ஒன்றரை லிட்டர்போல. கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். என்னுடைய "அப்புறம் வா" செய்த வேலை அதுதான்.

அதற்காகப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. பிடித்து வைக்க நார் இல்லையென்றால் கூடுதலாகக் குடித்தது சிறுநீராகப் போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார் வேண்டும். என் மெனுவோ நாசி லெமாக், ரொட்டி சானாய், இரவில் மீ கோரெங். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூடக் கிடையாது. அரை கப் அவித்த கொண்டைக்கடலையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாது. கங்கோங், வெண்டைக்காய், பப்பாளி எல்லாம் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் அப்படிச் செய்து, வயிறு உப்பி, நேரலையில் நெளிந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பசியாறிய அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். காலையில் அந்த அசைவு பலமாக இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. இப்போது 4.15க்கே எழுந்து, தண்ணீர் குடித்து, ஓட்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கழிவறையில் உட்காருகிறேன். காலுக்கடியில் ஒரு குட்டி முக்காலி. முட்டி இடுப்புக்கு மேலே உயர்ந்தால் வழி நேராகும். பாட்டி காலத்துக் குந்தும் கழிவறையில் இது இலவசமாகக் கிடைத்தது. கைப்பேசி வெளியே இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் முக்க வேண்டாம், மூலம் வரும்.

இரும்புச்சத்து மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூடச் சிக்கலை உண்டாக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். 'ஸ்லிம்மிங்' தேநீரைத் தினமும் குடிப்பவர்களும் கேளுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பேதி இலை.

இவ்வளவையும் மாமாவோடு பேசி முடித்தபோது அவர் ஒரு நிமிடம் சும்மா இருந்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் மூணு மாசமா சரியில்ல. ரெண்டு தடவை ரத்தம் பார்த்தேன். அத்தைகிட்ட சொல்லல" என்றார். அவருக்கு வயது 58.

மலேசியாவில் அதிகம் பேரைத் தாக்கும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. 50 வயதானவர்கள், அறிகுறி இல்லாவிட்டாலும், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், வழக்கம் திடீரென மாறி வாரக்கணக்கில் நீடித்தால், கொய்யாவையும் கொண்டைக்கடலையையும் நம்பிக் காத்திருக்காமல் நேராக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மறுநாளே மாமாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வெறும் மூலமாகவும் இருக்கலாம் என்றார் மருத்துவர், ஆனாலும் குடலைக் கேமராவில் பார்த்துவிடலாம் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். வரும் வியாழக்கிழமை தேதி. நான்தான் வண்டி ஓட்டுகிறேன். அன்று காலை நிகழ்ச்சியில் வேறு குரல் கேட்டால் தேடாதீர்கள்.